பழைய அவுட்போர்டு எஞ்சினில் சத்தமா? காரணத்தைக் கண்டுபிடிக்க முழுமையான வழிகாட்டி

“எஞ்சினில் ‘டொக் டொக்’ என்று சத்தம் வருகிறது, என்னவாக இருக்கும்?” என்று போனில் கேட்டால் எந்த நல்ல மெக்கானிக்கும் பதில் சொல்ல மாட்டார். விசிறியின் பின்னால் சுற்றிக்கொண்ட தங்கூசி நரம்பும் (நைலான் மீன்பிடி நரம்பு) அப்படித் தட்டும்; பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் தேய்ந்துபோன பேரிங்கும் அப்படித் தட்டும். முதலாவதைச் சரிசெய்ய ஒரு கத்தி போதும். இரண்டாவது, எஞ்சின் வாங்கிய விலையில் பெரும்பகுதியை மறுபடியும் கேட்கும். சத்தம் எப்படி இருக்கிறது என்று வர்ணிப்பதால் பெரிய பயன் இல்லை. அது எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்று கவனித்தால்தான் காரணம் பிடிபடும்.

உவரி, கூடுதாழை, கூத்தங்குழி, இடிந்தகரை, பெருமணல், கூட்டப்புளி என்று நெல்லைக் கடற்கரை நெடுக ஓடும் ஃபைபர் வள்ளங்களில் கைமாறி வந்த எஞ்சின்கள் நிறைய. 2004 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் வள்ளமும், அதன் பின்பலகையில் மாட்டும் அவுட்போர்டு எஞ்சினும் பெருகின. அவற்றோடு பழைய எஞ்சின் வியாபாரமும் பெருகியது. இந்தக் கரைக்கென்று மூன்று தொல்லைகள் உண்டு. அலைவாயைக் கடந்து மணலில் ஏறுகிற வள்ளத்தில் எஞ்சின் மணல் கலந்த நீரைக் குடிக்கும். கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடியில் வள்ளம் கவிழ்ந்தால் எஞ்சினும் சேர்ந்து முழுகும். மூன்றாவது மண்ணெண்ணெய். சத்தத்தைத் தேடிப் போனால் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில்தான் போய் நிற்க வேண்டியிருக்கும்.

இங்கே சொல்வது நம் பக்கம் அதிகம் ஓடும் இரண்டு சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் எஞ்சின்களை மனதில் வைத்து. ஃபோர் ஸ்ட்ரோக் பற்றி இடையில் ஒரு வார்த்தை வரும்.

ஸ்டார்ட் செய்வதற்கு முன்

வாங்குவதற்காகப் பார்க்கப் போகிறீர்கள் என்றால், “நான் வருவதற்கு முன்னால் ஸ்டார்ட் செய்துவிடாதீர்கள்” என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். போனதும் சிலிண்டர் தலையில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், மறுநாள் காலையில் வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்புங்கள். தேய்ந்த பிஸ்டனின் தட்டல் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதுதான் தெளிவாகக் கேட்கும். சூட்டில் பிஸ்டன் விரிந்ததும் இடைவெளி குறைந்து சத்தம் அமுங்கிவிடும். விற்பவருக்கும் இது தெரியும்.

அவசர நிறுத்தக் கயிற்றின் கிளிப்பை எடுத்துவிட்டு, இரண்டு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, ஒயர்களின் முனையை எஞ்சின் உடலோடு எர்த் செய்து வையுங்கள். கழற்றிய பிளக்குகளை எந்தச் சிலிண்டருடையது எது என்று அடையாளத்தோடு தனியே எடுத்து வையுங்கள், பிறகு தேவைப்படும்; எஞ்சினை ஓட்டும்போது வேறு பிளக்குகளை மாட்டிக்கொள்ளுங்கள். இப்போது ஸ்டார்ட்டர் கயிற்றை மெதுவாக இழுங்கள். கம்ப்ரஷன் தடை இல்லாததால் எஞ்சின் வழுக்கிக்கொண்டு சுற்ற வேண்டும். ‘நறநற’ என்று கைக்கு ஒரு கரகரப்பு தட்டினால் உள்ளே துருவோ மணலோ இருக்கிறது. எஞ்சின் உச்சியில் இருக்கும் கனத்த சக்கரமான ஃபிளைவீலைக் கையால் முழுச் சுற்றாகத் திருப்புவதாக இருந்தால் எஞ்சின் ஓடும் திசையில் மட்டும் திருப்புங்கள். எதிர்ப்பக்கம் சுற்றினால் தண்ணீர் பம்புக்குள் சுழலும் இம்பெல்லரின் ரப்பர் இறக்கைகள் மடங்கிவிடும்.

அந்தக் கரகரப்பு மேலே எஞ்சினிலா, கீழே கியர் பாக்ஸிலா? நியூட்ரலில் இருந்தாலும், எஞ்சினைக் கியர் பாக்ஸோடு இணைக்கும் நெடுந்தண்டும் பற்சக்கரங்களும் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். அதனால் நியூட்ரலை வைத்து இதைப் பிரிக்க முடியாது. சந்தேகம் தீரவில்லை என்றால் கீழ்க்காலை (கியர் பாக்ஸ் இருக்கும் அடிப்பகுதி) கழற்றிவிட்டு இரண்டையும் தனித்தனியாகக் கையால் சுற்றிப் பார்க்கலாம். சிறிய எஞ்சின்களில் சில போல்ட்டுகளும் கியர் தண்டின் இணைப்பும்தான், பெரிய வேலை இல்லை. கீழ்க்கால் இல்லாமல் எஞ்சினை ஸ்டார்ட் மட்டும் செய்யக் கூடாது. குளிர்விக்கத் தண்ணீர் வராது.

அடுத்தது கியர் ஆயில். எஞ்சின் இரவு முழுக்க நின்றிருக்கும் காலை நேரம் இதற்கு நல்லது. கியர் பாக்ஸின் கீழ்த் திருகைச் சற்றே தளர்த்தினால் முதலில் வருவது தண்ணீரா, எண்ணெயா என்று பாருங்கள். தண்ணீர் கனமானது, அடியில் தேங்கியிருக்கும். எண்ணெய் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் சீல் போய்விட்டது. திருகின் காந்த முனையில் சாம்பல் நிறப் பசை போல மெல்லிய தூள் ஒட்டியிருப்பது சாதாரணத் தேய்மானம். விரலால் தேய்த்தால் குத்துகிற அளவுக்குத் துணுக்குகள் இருந்தால் பற்கள் உடைந்துகொண்டிருக்கின்றன. எண்ணெய்க்குப் பதில் கெட்டியான கிரீஸ் வழிந்தால், யாரோ கியரின் சத்தத்தை அடக்கி வைத்திருக்கிறார் என்று பொருள். அதன் பிறகு அந்த எஞ்சினைப் பற்றி விற்பவர் சொல்லும் எதையும் நான் நம்ப மாட்டேன்.

டிரம்மில் ஓட்டிக் கேட்பது

200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம்மின் மேல்பகுதியை வெட்டி, நல்ல தண்ணீர் நிரப்பி, உறுதியான மரச்சட்டத்தில் எஞ்சினை மாட்டுங்கள். விசிறிக்கு மேலே இருக்கும் தட்டையான தகடு முழுகி, அதற்கு மேலும் ஒரு சாண் தண்ணீர் நிற்க வேண்டும். விசிறியைக் கழற்றிவிடுங்கள், கியர் போட்டால் தண்ணீர் முழுவதும் வெளியே வந்துவிடும், கைகால்களுக்கும் ஆபத்து. காற்றோட்டமான இடமாக இருக்கட்டும்.

ஸ்டார்ட் ஆனதும் சத்தத்தைக் கேட்கும் முன் எஞ்சினின் பக்கவாட்டில் பீய்ச்சும் தண்ணீரைப் பாருங்கள். அது சீராக வந்தால்தான் மற்ற சோதனைகள். வரவில்லை என்றால் உடனே நிறுத்திவிட்டு, அந்தத் துளையில் மணல் அடைத்திருக்கிறதா என்று மெல்லிய கம்பியால் குத்திப் பாருங்கள். துளை சுத்தமாக இருந்தும் தண்ணீர் வராமல், கீழே இருந்து ரப்பர் உரசுவது போன்ற ‘கீச்’ சத்தம் வந்தால் இம்பெல்லர் வறண்டு எரிகிறது. மாற்றும்போது பழைய இம்பெல்லரின் இறக்கைகளை எண்ணிப் பாருங்கள். உடைந்துபோன துண்டு மேலே நீர்வழியில் போய் அடைத்திருந்தால், புது இம்பெல்லர் போட்டும் எஞ்சின் சூடாகும்.

தண்ணீர் சரியாக வருகிறதா? அப்படியானால் ஒரு தாளில் மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். எழுதாவிட்டால் மெக்கானிக்கிடம் போகும்போது பாதி மறந்துபோகும்.

முதல் கேள்வி: ஆக்சிலேட்டரைத் திருகினால் சத்தமும் அதே வேகத்தில் கூடுகிறதா? கூடினால் அது சுற்றுகிற ஏதோ ஒன்றில் இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் தடதடவென்று வந்து, தாண்டியதும் மறைந்தால், ஏதோ ஒன்று தளர்ந்து அதிர்கிறது. இரண்டாவது: நியூட்ரலில் இருக்கிறதா, கியர் போட்டால் மட்டுமா? மூன்றாவது: குளிர்ச்சியில் கூடுதலா, சூட்டில் கூடுதலா, பாரம் ஏறினால் கூடுதலா? பாரத்தை டிரம்மில் பார்க்க முடியாது, கடலில்தான்.

மேலே இருந்து வரும் சத்தங்கள்

எஞ்சினின் மேல்மூடியைக் கழற்றிவிட்டு ஓட்டுங்கள், விரல்கள் ஃபிளைவீல் பக்கம் போகாமல். மூடியை எடுத்ததுமே சத்தம் நின்றால் கொக்கி தளர்வு அல்லது ஓரத்து ரப்பர் போய்விட்டது. செலவே இல்லாத இந்தக் காரணத்தை விட்டுவிட்டு கார்புரேட்டரை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்தவர்கள் உண்டு. கயிறு சுற்றும் ஸ்டார்ட்டர் அமைப்பில் கொக்கி சரியாகத் திரும்பாமல் ஃபிளைவீலில் உரசினால் ‘டிக் டிக்’ என்று கேட்கும். அந்த அமைப்பைக் கழற்றிவிட்டு ஓட்டினால் மறைந்துவிடும்.

மெதுவான ஓட்டத்தில் ‘டக் டக்’ என்று அடித்து, வேகம் கூட்டியதும் அடங்கினால் ஃபிளைவீல் நட்டைப் பாருங்கள். நட்டு தளர்ந்தால் உள்ளே இருக்கும் சாவி (ஃபிளைவீலைத் தண்டோடு பூட்டும் சிறு உலோகத் துண்டு) வெட்டுப்படும், தீப்பொறி விழும் நேரமான டைமிங் மாறும், கயிறு இழுக்கும்போது கையை உதறும். முறுக்கி வைத்தால் போதும் என்று விடக் கூடாது, கழற்றிச் சாவியைப் பார்க்க வேண்டும். உலோகம் உலோகத்தில் உரசும் சத்தம் சேர்ந்து வந்தால் ஃபிளைவீலின் உள்பக்கக் காந்தம் பெயர்ந்து காயிலில் உரசுகிறது. அந்த நிலையில் தொடர்ந்து ஓட்டினால் காயிலும் போகும்.

மெதுவான ஓட்டத்தில் ‘புஸ்க்’ என்று தும்முவது வேறு வகை. கார்புரேட்டர் வழியாகத் தும்மினால் பெட்ரோல் குறைந்து காற்று கூடுகிறது. சோக்கைக் கொஞ்சம் இழுத்துப் பாருங்கள். தும்மல் நின்றால் அது உறுதி. பெரும்பாலும் சிறிய ஜெட் அடைத்திருக்கும். தேங்கிய பழைய எரிபொருள் காய்ந்து பிசினாகும் வேலை அது.

உள்ளே இருந்து வரும் தட்டல்

இங்கே நேரம் எடுத்துக்கொள்ளுங்கள், பணம் அதிகம் போகிற இடம் இது.

நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை எஞ்சின் உடலில் வைத்து, பிடியைக் காதுக்குப் பின்னுள்ள எலும்பில் அழுத்துங்கள். சிலிண்டரின் பக்கச் சுவர், கிராங்க் பெட்டி, மேல் பேரிங், கீழ் பேரிங் என்று ஒவ்வொரு இடமாக நகர்த்துங்கள். வைத்தியர் நெஞ்சில் கருவி வைத்துப் பார்ப்பதைப் போன்ற வேலைதான். ஓரிடத்தில் மங்கலாகக் கேட்டது நான்கு அங்குலம் தள்ளி வைத்தால் மண்டையில் அடிப்பது போலக் கேட்கும். அந்த இடத்தைச் சாக்பீஸால் குறியிடுங்கள்.

எந்தச் சிலிண்டர் என்று பார்க்க எஞ்சினை நிறுத்திவிட்டு, ஒரு சிலிண்டரின் ஒயரை எடுத்து வேறொரு பிளக்கில் மாட்டி, அந்தப் பிளக்கின் உடலை எஞ்சின் உலோகத்தோடு இறுகக் கட்டுங்கள். சிலிண்டரில் மாட்டியிருக்கும் பிளக் அப்படியே இருக்கட்டும். பிறகு ஒற்றைச் சிலிண்டரில் சில நொடிகள் ஓட்டுங்கள். ஒயரை எர்த் இல்லாமல் அந்தரத்தில் விட்டால் சிடிஐ யூனிட் (பிளக்குக்குத் தீப்பொறி மின்சாரம் அனுப்பும் கருவி) கெட்டுவிடலாம். தட்டல் வெகுவாகக் குறைந்தால் செயலிழக்க வைத்த அந்தச் சிலிண்டரில்தான் கோளாறு. எந்தச் சிலிண்டரை நிறுத்தினாலும் மாறாமல் ‘உர்ர்’ என்று அடித்தொண்டையில் முனகினால் கிராங்க் பேரிங்.

சிலிண்டர் தெரிந்துவிட்டது. பிஸ்டனா, ராடா? குளிர்ச்சியில் பலமாகத் தட்டி, சில நிமிடங்களில் குறைந்தால் பிஸ்டன் சுவரில் மோதுகிறது. சூடாகியும் குறையாமல், வேகத்தைக் கூட்டக் கூட்டக் கனமாகத் தட்டினால் ராடின் பெரிய முனைப் பேரிங். கையாலும் இதை உறுதிசெய்யலாம். எஞ்சினை நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, பிஸ்டன் பாதி வழியில் இருக்கும்போது துளை வழியாக ஒரு தடித்த பிளாஸ்டிக் குச்சியை அதன் தலையில் வையுங்கள். ஃபிளைவீலை ஓர் அங்குலம்கூடப் போகாமல் முன்னும் பின்னுமாக அசையுங்கள். ஃபிளைவீல் அசைந்தும் குச்சி சற்று நேரம் அசையாமல் நின்று, பிறகு ‘டிக்’ என்று நகர்ந்தால் பேரிங்கில் ஆட்டம் இருக்கிறது.

கம்ப்ரஷன் கேஜ் கிடைத்தால் இரண்டு சிலிண்டரையும் ஆக்சிலேட்டர் முழுதும் திறந்த நிலையில் அளந்து பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 10 சதவீதத்தைத் தாண்டினால் ரிங், ஹெட் கேஸ்கெட் இரண்டையும் சந்தேகிக்க வேண்டும். முழுகிய எஞ்சினாக இருந்தால் வளைந்த ராடையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது தண்ணீர் உள்ளே புகுந்தால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது, ராடுதான் வளையும்.

இனி மண்ணெண்ணெய். மண்ணெண்ணெய்க்கென்று தயாரான எஞ்சினில் கம்ப்ரஷன் குறைவாக வைத்திருப்பார்கள். பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நிறுத்துவதற்கு முன் மறுபடி பெட்ரோலுக்கு வர வேண்டும். பெட்ரோல் எஞ்சினில் மண்ணெண்ணெயைக் கலந்து ஓட்டினால், பாரத்தோடு முழு வேகத்தில் போகும்போது சரளைக்கல் உருளுவது போலக் ‘கடகட’வென்று கேட்கும். ஆக்சிலேட்டரைச் சற்றுக் குறைத்தால் நின்றுவிடும். எரிபொருள் தன் நேரத்துக்கு முன்பே வெடிக்கும் சத்தம் அது. தனியே எடுத்து வைத்த பிளக்குகளை இப்போது பாருங்கள். வெள்ளைப் பீங்கானில் மிளகுப் பொடி தூவியதுபோல் கரும்புள்ளிகளோ மினுக்கும் வெள்ளித் துகள்களோ இருந்தால் அது பிஸ்டன் தலை உருகித் தெறித்தது. மானிய விலையில் கிடைக்கிறதே என்று எந்த எஞ்சினிலும் மண்ணெண்ணெயை ஊற்றுவது லாபக் கணக்கு இல்லை.

ஃபோர் ஸ்ட்ரோக்கில் மேல்பகுதியில் சீரான ‘டிக் டிக்’ கேட்டால் முதலில் எஞ்சின் ஆயில் அளவைப் பாருங்கள், பிறகு வால்வு இடைவெளி. மற்றவை ஏறக்குறைய இதே கதைதான்.

கியர் பாக்ஸும் விசிறியும்

கியர் போடும்போது ஒரு ‘டக்’ கேட்பது தவறல்ல. பற்சக்கரத்தின் கொம்புகளும் கிளட்சின் கொம்புகளும் ஒன்றோடொன்று மாட்டும் சத்தம் அது. நியூட்ரலில் மெதுவாக ஓடும்போது கீழே இருந்து லேசான கலகலப்பு வருவதும் பல எஞ்சின்களில் இயல்பு. பயந்து பயந்து மெதுவாகக் கியர் போடுகிறவர்கள்தான் அந்தக் கொம்புகளின் முனையை மழுங்கடிக்கிறார்கள். எஞ்சினைக் குறைந்த வேகத்துக்குக் கொண்டுவந்து, ஒரே அழுத்தாகப் போட வேண்டும்.

மழுங்கிய பிறகு வருகிற சத்தம் வேறு: பாரம் ஏறியதும் ‘டடக், டடக்’ என்று கியர் தானாகவே விடுபட்டு மாட்டும். கழற்றுவதற்கு முன் கியர் தண்டின் இணைப்பு சரியான அளவில் இருக்கிறதா என்று பாருங்கள். அதில் குறை இருந்தால் கொம்புகள் பாதிதான் மாட்டும். முன் கியரில் ‘ஊங்’ என்று இழுத்து, வேகத்துக்கேற்பச் சுருதி ஏறினால் பற்கள் தேய்ந்திருக்கின்றன. வேகத்தோடு கூடுகிற கரகரத்த உறுமல் பேரிங்கைச் சேர்ந்தது.

கூடுதாழையில் என் சித்தப்பா மகன் வாங்கிய எஞ்சின் ஒன்று கியர் போட்டால் தட்டியது. “பிஸ்டன் போய்விட்டது அண்ணே, பிரிக்கச் சொல்லிவிட்டேன்” என்றான். நியூட்ரலில் தட்டலே இல்லை. கியரில் மெதுவாக ஓட்டிக் கேட்டபோது, எஞ்சின் இரண்டு சுற்று சுற்றினால் ஒரு தட்டு. இந்த வகை எஞ்சின்களில் விசிறி ஏறக்குறைய எஞ்சினின் பாதி வேகத்தில் சுற்றும். ஆகவே தட்டுவது விசிறித் தண்டோடு சுற்றுகிற ஏதோ ஒன்று. விசிறியைக் கழற்றினால், பின்னால் தங்கூசி நரம்பு உருகி வளையம்போல் இறுகியிருந்தது. அதற்குள் மாட்டிக்கொண்ட ஓர் ஈயக் குண்டு ஒவ்வொரு சுற்றிலும் கியர் பாக்ஸின் உடலில் மோதி, அலுமினியத்தில் பளபளவென்று ஒரு பள்ளம் போட்டிருந்தது. நரம்பு சீலையும் அறுத்திருந்ததால் எண்ணெய் வெளுத்துப்போயிருந்தது. சீலும் எண்ணெயும் மாற்றியதோடு வேலை முடிந்தது. வலைத்தொழிலுக்குப் போகிற வள்ளத்தில் அடிக்கடி விசிறியைக் கழற்றிப் பார்ப்பது நல்லது.

விசிறித் தண்டு நேராக இருக்கிறதா என்பதற்கு, பிளக் ஒயர்களை எடுத்துவிட்டு, ஒரு கம்பித் துண்டைத் தண்டின் நுனிக்கு அருகில் அசையாமல் நிறுத்தி, நியூட்ரலில் தண்டைக் கையால் சுற்றுங்கள். இடைவெளி கூடிக் குறைந்தால் தண்டு வளைந்திருக்கிறது. விசிறி இதழ் ஒன்று வளைந்திருந்தாலே வள்ளம் முழுக்க அதிரும்.

கடலில் ஒரு சோதனை

விசிறியின் நடுப்பகுதியில், உள் புஷ்ஷிலிருந்து வெளி உடல் வரை பெயிண்டால் ஒரே கோடு போடுங்கள். ஆட்களையும் வலையையும் ஏற்றி, அலைவாயைத் தாண்டியதும் முழு வேகம் கொடுங்கள். எஞ்சின் அலறுகிறது, வள்ளம் நகரவில்லை என்றால் திரும்பி வந்து கோட்டைப் பாருங்கள். கோடு முறிந்து விலகியிருந்தால் ரப்பர் புஷ் வழுக்குகிறது. கோடு நேராக இருந்தும் அலறினால் விசிறி காற்றை இழுக்கிறது: எஞ்சின் உயரமாக மாட்டப்பட்டிருக்கும், அல்லது பின்புறம் இலேசாகிவிட்டிருக்கும். விசிறிக்கு மேலுள்ள தட்டு ஏறக்குறைய வள்ளத்தின் அடிமட்டத்துக்கு வர வேண்டும். அலை முகட்டில் விசிறி வெளியே வந்து ஊளையிடுவது வேறு. அதற்கு மருந்து ஆக்சிலேட்டரைத் தளர்த்துவதுதான்.

தடதடப்பு எஞ்சினிலிருந்து வருவதாகத் தோன்றி, பின்பலகையில் கை வைத்தால் அங்கே அதிகமாக இருந்தால், பிடிமானத் திருகுகளையும் ரப்பர் தாங்கிகளையும் பாருங்கள். ஃபைபருக்குள் இருக்கும் மரம் ஊறிப் பொத்தலாகியிருந்தால் திருகை எவ்வளவு முறுக்கினாலும் நிற்காது.

கடலில் திடீரென்று சத்தம் மாறினால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கியர் ஊளை, புஷ் வழுக்கல், தும்மல் ஆகியவற்றோடு மெதுவாகக் கரை சேரலாம். ‘கடகட’வென்ற முன்வெடிப்புக்கு வேகத்தைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள். கனத்த தட்டல், ‘கீச்’சென்ற உரசல், பீய்ச்சும் நீர் நின்றது, இந்த மூன்றில் எது வந்தாலும் உடனே நிறுத்திவிட்டுப் பக்கத்து வள்ளத்துக்குக் குரல் கொடுங்கள்.

முழுகிய எஞ்சினை அடையாளம் காண்பது

விற்பவர் சொல்ல மாட்டார். ஃபிளைவீலுக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள்: திருகுகளில் செந்துரு, ஒயர் இணைப்புகளில் பச்சை, மூலைகளில் வெள்ளை உப்புப் படிவு இருந்தால் சந்தேகிக்கலாம். ஊசிப் பேரிங்குகளில் உப்புநீர் ஒரு நாள் தங்கினாலே துருப் புள்ளி விழும். அந்தப் புள்ளி பிறகு முனகலாகி, முனகல் தட்டலாகும். முழுகியதும் நல்ல தண்ணீரில் கழுவி, தண்ணீரை வெளியேற்றி, எண்ணெய் விட்டு அன்றைக்கே ஓட்டிய எஞ்சின் பிழைத்துக்கொள்ளும். சாக்கு போட்டு மூடி வாரக்கணக்கில் கிடந்தது பிழைக்காது.

பேரிங்கோ கியரோ போன எஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டு ஒதுக்க வேண்டியதில்லை. அந்த மாடலுக்கு உதிரிபாகம் கிடைக்கிறதா, என்ன விலை என்று நாகர்கோவிலிலோ தூத்துக்குடியிலோ முதலில் விசாரியுங்கள். அந்தத் தொகையையும் மெக்கானிக் கூலியையும் விற்பவர் கேட்கும் விலையிலிருந்து கழித்து, மிச்சத்தைச் சொல்லுங்கள். குறித்து வைத்த தாளையும் கையோடு கொண்டுபோங்கள். பேரம் பேசும்போது உதவும்.